படிக்க வந்த இடத்தில் - 14: சாக்லேட் பெட்டியும் சாக்ஸபோனும்

போன வாரம் பரீட்சை, அதனால கடையைச் சாத்தியிருந்தேன். இந்த வாரம் இங்க கலிபோர்னியாவுல பள்ளிக்கூடப் பிள்ளைங்க காசு சேர்க்கிற கதை.

செப்டம்பர் வந்தாப் போதும், சூப்பர் மார்க்கெட் வாசல்ல ஒரு மடக்கு மேசை முளைச்சிடும். பின்னாடி நாலு பிள்ளைங்க, கூட ஒரு அம்மா. மேசை மேல சாக்லேட், இல்லேன்னா வீட்ல சுட்ட கேக். "எங்க சாக்கர் டீமுக்கு உதவுறீங்களா?"ன்னு கேட்பாங்க. வாளியும் ஸ்பாஞ்சுமா கார் கழுவிக் காசு சேர்க்கிறதும் உண்டு. சோப்புத் தண்ணி மழைநீர் வடிகால்ல போகக் கூடாதுன்னு பல ஊர்ல தடை வந்துட்டதால அது கொஞ்சம் குறைஞ்சிருக்கு. மைதானத்தை எத்தனை தடவை சுத்தி ஓடுறியோ அத்தனை டாலர்னு சொந்தக்காரங்ககிட்ட முன்னாடியே கையெழுத்து வாங்கிட்டு ஓடுற பிள்ளைங்களும் இருக்காங்க. (நம்மூர்ல கொடி நாளுக்குக் கொடியைக் கையில குடுத்து வித்துட்டு வான்னு அனுப்பினாங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கு அண்ணன்னு வச்சுக்குங்க.)

கேக்குக்கும் சட்டம் இருக்கு. பள்ளி நேரத்துல விக்கிற தீனியில இவ்வளவு கலோரி, இவ்வளவு சர்க்கரைதான் இருக்கணும்னு 2014-ல மத்திய அரசு விதி கொண்டு வந்துது. கடைசி மணி அடிச்சு 30 நிமிஷம் ஆயிட்டா அந்த விதி கிடையாது. அப்புறம் எதை வேணா விக்கலாம் :-)

இவ்வளவு பணக்கார மாநிலத்துல பிள்ளைங்க எதுக்கு மிட்டாய் விக்கணும்னு எனக்கு வந்த புதுசுல புரியவே இல்ல. ஒரு காரணம் 1978-ல இங்க மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்த முன்மொழிவு 13. வீட்டு வரி, மதிப்புல 1 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, அந்த மதிப்பையும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு கட்டிப் போட்டாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பெரும்பங்கு அந்த வரியில இருந்துதான் வந்துக்கிட்டு இருந்துது. பணம் சுருங்கினா முதல்ல கத்தரி விழுறது எங்க? கணக்குப் பாடத்துலயா? பாட்டு, நாடகம், விளையாட்டு.

சான்டா பார்பரா பள்ளி நிர்வாகம் 1980-ல ஒரு டீமுக்கு 25 டாலர், நாடகத்துக்கு 25, வாத்தியத்துக்கு 25னு கட்டணம் போட்டுச்சு. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1984-ல தீர்ப்பு வந்துது (ஹார்ட்செல் எதிர் கானல்). பாடத்துக்கு வெளியே நடக்கிறதும் கல்விதான், அரசியல் சட்டம் இலவசக் கல்வின்னு சொல்லுது, காசு கேட்காதேன்னுட்டாங்க. ஏழைகளுக்குத் தள்ளுபடி தர்றோமேன்னு சொன்ன வாதமும் எடுபடல. 2012-ல இன்னொரு சட்டம் வந்து, யாராவது கட்டணம் கேட்டா பேர் போடாமலே புகார் குடுக்கலாம்னு வழி பண்ணிச்சு.

ஆக, கட்டணம் கேட்கக் கூடாது. நன்கொடை கேட்கலாம். சாக்லேட் பெட்டி வந்தது அந்த இடைவெளியில.

எங்க குடியிருப்புல கீழ் வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி பேண்டுல சாக்ஸபோன் வாசிக்கிறான். போன மாசம் அம்மாவோட என் கதவைத் தட்டினான். கையில பெட்டி, 60 சாக்லேட், ஒண்ணு 2 டாலர். அம்மாவுக்கு ஸ்பானிஷ்தான் தெரியும், ஆஸ்பத்திரியில ராத்திரி ஷிப்ட்ல துப்புரவு வேலை. யுனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளையாச்சே, இந்தக் கடுதாசியில என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுன்னு வந்திருக்காங்க. எடுத்துப் படிச்சேன். மேல கொட்டை எழுத்துல "ஒவ்வொரு குடும்பத்தின் பங்கு"ன்னு ஒரு தொகை. போட்டிக்குப் போற பஸ், சீருடை, வாத்திய ரிப்பேர்னு கணக்கு. அடியில பொடி எழுத்துல "விருப்பமுள்ளோர் மட்டும்".

குடுக்கலேன்னாலும் இவனைப் பஸ்ஸை விட்டு இறக்க முடியாது, சட்டம் அப்படின்னு சொன்னேன். புகார் படிவத்தையும் அச்செடுத்துக் குடுத்தேன், பேர் எழுத வேண்டாம்னேன். அவங்க கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு ஏதோ சொன்னாங்க. பையன் தரையைப் பார்த்துக்கிட்டே மொழிபெயர்த்தான்: "பேண்டுல சாக்ஸபோன் மூணு பேர்தான். மத்த ரெண்டு பேரும் குடுத்தாச்சு. பேர் எழுதலேன்னா யாருன்னு தெரியாதா?"

எனக்குப் பதில் வரலைங்க.

எட்டு சாக்லேட் வாங்கினேன். (லேப்ல ரெண்டு நாள் அதுதான் சாப்பாடு.) ஆனா அது ஒரு வழியே இல்ல. விக்கிறதுல ஏறக்குறைய பாதி சாக்லேட் கம்பெனிக்கே போயிடுது. மிச்சம் எவ்வளவு சேரும்கிறது பையனோட சாமர்த்தியத்துல இல்ல, அப்பா எந்த ஆபீஸ்ல வேலை பாக்கறார்கிறதுல இருக்கு. பெட்டியை ஆபீஸ் காபி மெஷின் பக்கத்துல வச்சா மத்தியானத்துக்குள்ள காலி. ராத்திரி ஷிப்ட்ல துடைப்பம் பிடிக்கிறவங்க யார்கிட்ட நீட்டுவாங்க?

சட்டம் சும்மா இருக்குன்னும் சொல்ல முடியாது. 1972-ல வந்த டைட்டில் 9 சட்டப்படி, அப்பா அம்மா சங்கம் பையன்க டீமுக்கு மட்டும் பணத்தைக் கொட்டினாலும், பொண்ணுங்க டீமுக்குச் சரிசமமா வசதி பண்ண வேண்டியது பள்ளியோட பொறுப்பு. வித்த பிள்ளையோட கணக்குல மட்டும் பணத்தை வரவு வச்ச ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் சங்கத்துக்கு வரிவிலக்கு போச்சு, 2013-ல வரி நீதிமன்றமும் அது சரின்னுடுச்சு. சேர்த்த காசு எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாப் போகணும்கிறதுதான் அங்க பேச்சு. ஆனா ஒரு பள்ளிக்கும் அடுத்த பள்ளிக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தை இதுல எதுவும் தொடல. மலை மேல இருக்கிற பள்ளியில ஒரு ராத்திரி விருந்து வச்சு ஏலம் விட்டா முடிஞ்சுது.

என்னைக் கேட்டா, கடுதாசியில அந்த "பங்கு"த் தொகையை முதல்ல எடுக்கணும். யார் குடுத்தாங்கன்னு வாத்தியாருக்கே தெரியாத மாதிரி பணம் ஆபீசுக்குப் போகணும். ரெண்டுக்கும் பைசா செலவில்ல.

படிவம் இன்னும் கீழ் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல காந்தத்துல தொங்குது. பையன் சாயங்காலம் வாசிக்கிறது மேல வரைக்கும் கேட்குது, முன்னைவிடத் தேவலை. டெக்சாஸ், கனடா, சிங்கப்பூர்ல பிள்ளைங்க படிக்கிறவங்க, உங்க பக்கம் இது எப்படி நடக்குதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. பேர் எழுதாமலும் போடலாம்.