சிங்கப்பூர்ப் பீரங்கிகள்: காலந்தாழ்த்திய ஒரு திருத்தம்

"சிங்கப்பூரின் பெரும் பீரங்கிகள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தன, யப்பானியரோ பின்வாசலால் வந்தனர்." 1992இல், சிங்கப்பூர் வீழ்ச்சியின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி நான் எழுதிய கட்டுரை இப்படித்தான் தொடங்கியது. வாசகர்கள் பாராட்டினார்கள், எவரும் திருத்தவில்லை. அது பிழை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்துகொண்டேன்.

ஏறத்தாழ 880 கிலோ எடையுள்ள எறிகணையை வீசவல்ல பிரித்தானியாவின் 15 அங்குலப் பீரங்கி, 1915இல் 'குயின் எலிசபெத்' போர்க்கப்பலுடன் சேவைக்கு வந்தது. 1940 யூலையில் 'வோர்ஸ்பைட்' கப்பல், ஏறத்தாழ 24 கிலோமீற்றர் தொலைவில் சென்ற இத்தாலியப் போர்க்கப்பலைத் தாக்கியதும் இதனாலேயே.

சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தைக் காக்க இத்தகைய ஐந்து பீரங்கிகள் கரையில் நிறுவப்பட்டன. புவனா விஸ்டாவிலிருந்த இரண்டும் நிலப்பக்கம் சுடவில்லை என்பது மெய்யே. ஆனால் சாங்கியிலிருந்தவை 1942 பெப்ரவரியில் திரும்பின; ஜொகூர் பாருவை நோக்கியும் தெங்கா விமானத்தளத்தை நோக்கியும் சுட்டன. குறை திசையில் அன்று, எறிகணையில். கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பற் கவசத்தைத் துளைப்பதற்கானவை. அவை சேற்று நிலத்தில் ஆழப் புதைந்தபின் வெடித்தால் காலாட்படைக்கு என்ன சேதம் நேரும்?

இதே வகைப் பீரங்கிகள் ஆறினைத் தாங்கிய 'ரிபல்ஸ்' கப்பல், 1941 டிசம்பர் 10ஆம் திகதி குவாந்தான் கடலில் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டிருந்தது. அங்கே பீரங்கிகள் எத்திசையிலும் திரும்பக்கூடியவையே. தலைக்கு மேல் காப்பதற்குத்தான் விமானங்கள் இல்லை. யப்பானியர் தரையிறங்கியபோது மலாயாவில் பிரித்தானியரிடம் ஒரு யுத்த தாங்கிகூட இருக்கவில்லை.

இத்தனை காலம் கடந்தபின் இந்தத் திருத்தம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பீரங்கியைத் தவறாகப் பொருத்திய யாரோ ஒரு பொறியியலாளரைப் பார்த்து அந்தக் கதை நம்மைச் சிரிக்க வைக்கிறது. விமானமும் தாங்கியும் அனுப்பாத இலண்டன் அமைச்சரவையை அது தப்பவிடுகிறது. தோல்விகளைப் பற்றிய நகைச்சுவையான கதைகளைச் செய்தியாளர்கள் நாம் விரும்பி எடுத்தாளுகிறோம். அவற்றால் நன்மையடைபவர் யார் என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் சரணடைந்தது. என் கட்டுரையின் முதல் வாக்கியத்தை இங்கே மீளப்பெறுகிறேன்.