மஞ்சள் கொடி ஏறினால்…

சின்னாளப்பட்டியில் மஞ்சள் துணி என்றால் சுங்குடிச் சேலைதான் நினைவுக்கு வரும். பாய்மரப் படகில் நாடு நாடாகச் சுற்றுபவர்களுக்கோ அது அனுமதி கேட்கும் கொடி. அயல்நாட்டுத் துறைமுகத்தில் நுழையும்போது ஏற்றுவார்கள். ‘படகில் நோய் இல்லை, உள்ளே விடுங்கள்’ என்று பொருள். குடியேற்றம், சுங்கம், சுகாதாரம் என எல்லோரும் முத்திரை குத்தும்வரை, கரை பத்தடியில் இருந்தாலும் இறங்கக் கூடாது. பெரும்பாலும் படகுத் தலைவர் மட்டும் பாஸ்போர்ட்டுகள், ஆட்கள் பட்டியல், முந்தைய துறைமுகம் தந்த புறப்பாட்டுச் சான்று சகிதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். அந்தச் சான்றை வாங்காமல் கிளம்பியிருந்தால் அடுத்த ஊரில் சிக்கல்தான்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் ‘அன்னபூரணி அம்மாள்’. அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. அதில் பாய் இழுத்தவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழர்கள். ஆனால் அமெரிக்காவின் 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா, இலங்கை உட்பட ஆசியாவின் பெரும்பகுதியினர் அங்கே குடியேறத் தடை போட்டிருந்தது. மாலுமி என்றால் தற்காலிகமாகக் கரை இறங்கலாம், அவ்வளவே. கப்பல் தங்கலாம், கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் தங்க முடியாது!

இன்றும் இந்திய பாஸ்போர்ட்டோடு படகேறுபவர் பல நாடுகளுக்கு முன்கூட்டியே விசா வாங்கியாக வேண்டும். விசாவில் தேதி இருக்கும்; காற்று அதைப் பார்த்து வீசுவதில்லை. கொடிக்கு மட்டும் அலைச்சல் இல்லை, ஒரு முழத் துணி போதும். வெறும் மஞ்சளாக இருக்க வேண்டும். புள்ளி வைத்த சுங்குடி ஆகாது.