கருவி காட்டிய ஐந்து

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் பட்டிமன்றங்களில் இப்போதெல்லாம் அரசியலுக்கும் சினிமாவுக்கும் இடமில்லை. "கோகு பெரியவனா, நருட்டோ பெரியவனா?" என்பதே தலைப்பு. 'மாங்கா' எனப்படும் ஜப்பானியச் சித்திரக் கதைகள் கைப்பேசி வழியே நம் அறைகளுக்குள் புகுந்துவிட்டன. நானும் அவற்றில் மயங்கியவன்தான். ஆகவே வெளியாள் ஒருவன் குறை சொல்ல வந்துவிட்டான் என்று நண்பர்கள் எண்ண வேண்டாம்.

அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை வரைந்த 'டிராகன் பால்' 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள் கொண்டது. தொடக்கத்தில் எத்தனை அழகு! சிறுவன் கோகுவும் அவன் தோழன் குரிரினும் கிழட்டு ஆசானிடம் பாடம் கேட்கிறார்கள். விடியுமுன் வீடு வீடாகப் பால் போடுகிறார்கள். வெறுங்கையால் நிலத்தை உழுகிறார்கள். முதுகில் 20 கிலோ எடையுள்ள ஆமை ஓட்டைச் சுமந்துகொண்டே எல்லாம் செய்கிறார்கள். பிறகு ஓட்டின் எடை 40 கிலோ ஆகிறது. இத்தனைக்குப் பிறகும் போட்டியில் கோகு தோற்கிறான். அடுத்த போட்டியிலும் தோற்கிறான். மூன்றாம் முறைதான் வெற்றி. அரியர் வைத்துத் தேறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிறகு வருகிறது அந்தக் கருவி. வேற்றுக் கிரகத்திலிருந்து ராடிட்ஸ் என்பவன் ஒரு வயலில் வந்து இறங்குகிறான். அவன் கண்ணில் மாட்டியிருக்கும் ஸ்கௌட்டர் எதிரே நிற்பவரின் பலத்தை எண்ணாகச் சொல்லும். எதிரே நிற்பவன் ஓர் உழவன். கருவி காட்டிய எண் ஐந்து. அற்பம் என்கிறான் ராடிட்ஸ். பயந்துபோன உழவன் துப்பாக்கியால் சுட, வந்த குண்டைக் கையால் பிடித்துத் திருப்பிச் சுண்டுகிறான். உழவன் விழுகிறான். கதை மேலே போய்விடுகிறது. அவன் பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை.

என் தகப்பனார் வயல் வேலை செய்பவர். அந்தப் பக்கத்தை என்னால் எளிதில் புரட்ட முடியவில்லை.

அதன்பின் எண்கள் ஓடும் ஓட்டம் இருக்கிறதே! கின்யு என்ற தளபதியின் பலம் 1,20,000. அவன் தலைவன் பிரீசாவின் பலம் 5,30,000. அவனே உருமாறினால் பத்து இலட்சத்துக்கும் மேல். அவனை வெல்லக் கோகு 'சூப்பர் சயான்' ஆகிறான். ஆயிரம் ஆண்டுக்கு ஒருவனே அடையும் நிலை என்று முன்னரே நமக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் புதுப்புது எதிரிகள் வருகிறார்கள், புதுப்புது நிலைகளும் வருகின்றன. கடைசியில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் விளையாட்டாகவே சூப்பர் சயான் ஆகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு ஒருவன் என்னவானான்?

இதற்கு ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கதை வெளிவந்த 'ஷோனென் ஜம்ப்' ஒரு வார இதழ். எந்தக் கதை பிடித்தது என்று வாசகர்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார்கள். ஆதரவு குறைந்த தொடர் நின்றுவிடும். கதை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவ்விதழின் விற்பனை 65 இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. அத்தனை பேரின் ஆவலை வாராவாரம் தூண்ட, எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தைச் சேர்ப்பதைவிடச் சுலபமான வழி ஏது? பின்னர் வந்த பல தொடர்களும் இதே படியில்தான் ஏறின.

"அந்த வளர்ச்சியில்தானே சுவை?" என்பார் என் அறை நண்பர். ஒப்புக்கொள்கிறேன். பிரீசாவோடு நடக்கும் சண்டையைப் படித்த இரவு நானும் உறங்கவில்லை. ஆனால் கோகுவோடு பால் போட்ட குரிரின் எங்கே? அவன் உழைப்பில் குறை வைத்தானா? இல்லை. எண்கள் அவனைத் தாண்டிப் போய்விட்டன. எதிரி வந்தால் வானத்தைப் பார்த்து வியர்ப்பதே பிற்பகுதியில் அவனுக்கும் யாம்சாவுக்கும் வேலையாகிவிட்டது. எல்லா எண்களோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் வரிசை மாறாது என்பதை எங்கள் வகுப்பில் யாரும் சொல்வார்கள். கதையில் அதுகூட நடக்கவில்லை. சிலருக்கு மட்டுமே கூட்டினார்கள்.

தோரியாமா இதை உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. எதிர்காலத்திலிருந்து வரும் டிரங்ஸ் பிரீசாவின் படை முன் நிற்கும்போது கருவி அவனுக்கும் ஐந்து என்றே காட்டுகிறது. சிரித்த வீரர்கள் அடுத்த நொடி உயிரோடு இல்லை. அதற்குப்பின் கருவிக்குக் கதையில் அதிக வேலையில்லை. இறுதிப் போரிலோ, மாஜின் பூவை வீழ்த்தச் சூப்பர் சயான்களின் பலம் போதவில்லை. பூமியிலுள்ள சாதாரண மக்கள் கைகளை உயர்த்தித் தங்கள் சக்தியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வெஜிடா கேட்டான், கோகு கேட்டான், மக்கள் மசியவில்லை. பறக்கக்கூடத் தெரியாத மிஸ்டர் சாத்தான் கேட்டபோதுதான் கொடுத்தார்கள். 42 தொகுதிகளில் நான் இரண்டாம் முறை படித்த இடம் இதுதான்.

தோரியாமா 2024 மார்ச்சில் காலமானார். அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, என்னடா ஓயாமல் படிக்கிறாய் என்று அப்பா கேட்டார். அந்த உழவன் வரும் பக்கத்தைக் காட்டினேன். ராடிட்ஸையும் கருவியையும் விளக்கினேன். அவர் அதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கைப்பேசியைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "வயல்ல என்னடா போட்டிருக்கான்?" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.