பேய் எங்கே இருக்கிறது?

ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டம். லயன் வீட்டு வாசலில் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். பழம் பறிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தவள். முகத்தில் சொட்டு இரத்தமில்லை. "ஓடையோரத்துலே காட்டேரி அடிச்சிடுச்சுங்க, தோழரே" என்றார் மாமியார். கறுப்புக் கோழிக்கும் பூசாரிக்குமாக ஒரு வாரக் கூலி ஏற்கெனவே போய்விட்டது.

அந்த அம்மாளை நாம் கேலி செய்யவில்லை. பேய் என்ற சொல் நேற்று முளைத்ததல்ல. 'பே' என்ற சொல்லுக்கு அச்சம் என்று பொருள் கூறுகிறது தொல்காப்பியத்தின் உரியியல். அந்தப் 'பே'யை ஒட்டி வந்ததே 'பேய்' என்பர். 'பிசாசு' வடமொழியிலிருந்து வந்து அதனுடன் சேர்ந்துகொண்டது. ஆக, பேய்க்கு அடிப்படை என்ன? பயம்!

உழவர் பேச்சைக் கவனியுங்கள். பேய்மழை, பேய்க்காற்று, பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்க்கரும்பு. மனிதன் கைக்கு அடங்காதவற்றுக்கெல்லாம் நம் முன்னோர் இந்தச் சொல்லைச் சூட்டினார்கள். காரைக்கால் அம்மையார் தம் பாடல்களில் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டார். ஆழ்வார்களில் ஒருவருக்குப் பெயரே பேயாழ்வார். காரணம் தெரிந்து, கைக்கு அடங்கியபின் பேய்க்கு அங்கே என்ன வேலை? காவிரி வெள்ளத்தை 1934 இல் மேட்டூரில் அணை கட்டித் தேக்கியது மந்திரமா? உழைப்பாளியின் கை!

'பேயறைந்த முகம்' என்கிறோமே, அது இரத்தம் வற்றிய முகம். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். சோதித்ததில் காட்டேரி அகப்பட்டது. நூல்போல் மெலிந்த அதன் பெயர் கொக்கிப்புழு. கக்கூஸ் இல்லாத இடத்து மண்ணில் வளர்ந்து, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குடலைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. அரைவயிற்றுக் கஞ்சியும் அடுத்தடுத்த பிரசவமும் மிச்சத்தைக் குடிக்கின்றன. வேப்பிலைக்கு அது அஞ்சாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும் பூச்சி மாத்திரைக்கு அஞ்சும். இழந்த இரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே உண்டு.

மாத்திரை மட்டும் போதுமா? அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் அதே புழு மறுபடியும் ஏறும். குடிதண்ணீர், கக்கூஸ், வைத்திய வசதி, வீடு எல்லாம் தருவது முதலாளியின் கடமை என்று 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. பின் ஏன் நாம் வாய்திறந்து கேட்பதில்லை? மேஸ்திரி என்ன சொல்வாரோ, நாளைக்கு வேலை இருக்குமோ என்ற அச்சம். அந்தப் பழைய 'பே' தான்! ஆலையிலும் வயலிலும் நம் தோளில் ஏறி உட்கார்ந்திருப்பதும் அதுவே. அதை ஓட்டப் பூசாரி வேண்டாம். பத்துப் பேர் சங்கமாகச் சேர்ந்து நின்றால் போதும்.

அந்தப் பெண் தேறி வேலைக்குப் போகிறாள். லயனுக்குக் கக்கூஸ் கேட்டு எழுதிய மனுவில் முதல் கைநாட்டு யாருடையது தெரியுமா? அந்த மாமியாருடையது!