"தலைப்பாகையோடு போச்சு" என்று சொல்லாதீர்கள்



நேற்று நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ. துப்பாக்கிக் குண்டு தலையை உரசிவிட்டுப் போகிறது, ஆள் எழுந்து நடக்கிறார். அதன் கீழே நம்மவர்கள், "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு", "மண்டையோடு குண்டையே திருப்பிடுச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். அறிவியல் பாடம் நடத்தியவனுக்குக் கோபம் வராதா?

குண்டு திரும்புவது உண்மைதான். ஏரியில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக வீசினால் தத்திப் போகும் அல்லவா, அதே கணக்கு. மண்டையோடு வளைந்தது, சாய்வாக வரும் குண்டு சறுக்கும். சில நேரம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஓடி வேறு பக்கம் வெளியேறும். ஆனால் அந்த எலும்பு இரண்டு தகடு, நடுவே பஞ்சு போன்ற அடுக்கு. வெளித்தகட்டில் கீறல்தான் இருக்கும். உள்தகடு நொறுங்கி, சில்லு மூளையைக் கிழித்திருக்கும். எலும்பு உடையாவிட்டாலும் அதிர்ச்சியில் மூளை கன்றும், ரத்தம் கசிந்து சேரும். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் சில மணி நேரம் கழித்துச் சாய்வார்.

நேராக வந்தால்? 2021 டிசம்பர் 30, புதுக்கோட்டை நார்த்தாமலை. தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில், துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு பாய்ந்தது. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் பறந்து வேகம் இழந்த குண்டு அது. தஞ்சாவூரில் அறுவைச் சிகிச்சை செய்தும் ஜனவரி 3 அன்று போய்விட்டான். எந்த மண்டையோடு திருப்பியது?

எம்.ஜி.ஆர். பிழைக்கவில்லையா என்பீர்கள். 1967 ஜனவரி 12 அன்று குண்டு பாய்ந்தது கழுத்தில். பிழைத்தார், பழைய குரல் திரும்பவில்லை.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்களில் பாதிப் பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். கிரைண்டிங் வீல் உடைந்து தெறிக்கும் துண்டும் தலையை இப்படித்தான் உரசும். என்னிடம் படித்த ஒருவனுக்கு நெற்றியில் உரசியது. பிளாஸ்திரி ஒட்டி, "கீறல்தானே" என்று லைனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி ரூமில் வாந்தி. கூட இருந்த பையன்கள் 108-ஐக் கூப்பிட்டதால் உயிர் தப்பியது. ஸ்கேனில் உள்ளே ரத்தக்கட்டு. இன்றும் அவனுக்கு வலது கை சரியாக எழவில்லை.

சூப்பர்வைசராக இருக்கும் என் பிள்ளைகளே, அதைக் கீறல் என்று முடிவு செய்ய நீங்கள் யார்? டார்கெட் நாளைக்கும் இருக்கும். தலையில் அடி என்றால் அவனை முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள், சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். இ.எஸ்.ஐ. கார்டு வேறு எதற்கு? அன்றிரவு அவனைத் தனியாக விடாதீர்கள்.

அந்த வீடியோவைப் போட்டவர் தயவுசெய்து எடுத்துவிடவும்.