வாசலில் கட்டுவது வேறு, வாயில் போடுவது வேறு!

போகி வந்தால் போதும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வீட்டு வாசலில், மாட்டுக் கொட்டகையில் எல்லாம் 'காப்பு' கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் சேர்ந்த கொத்து. சிப்காட் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிறவர்கள்கூட வாடகை வீட்டு நிலையில் ஒரு கொத்து செருகி வைப்பதைப் பார்க்கலாம்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும்தானா? சீனாவிலும் இதே கதைதான்! சந்திரக் கணக்கில் 5-ம் மாதம் 5-ம் நாள் அங்கே டிராகன் படகுத் திருவிழா. 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற விழா. வெயில் ஏறி, பூச்சியும் நோயும் பெருகுகிற சமயம் அது. அன்று வாசலில் மாசிபத்திரி இனத்துச் செடியையும் வசம்பு இலையையும் தொங்கவிடுவார்கள். வாள் போன்ற வசம்பு இலை கெட்டதை வெட்டும் என்பது நம்பிக்கை. பிள்ளைகளுக்கு மணிக்கட்டில் ஐந்து நிற நூல். பூவேலை செய்த சின்னத் துணிப்பையில் வாசனை மூலிகை.

இதையெல்லாம் 'மூடநம்பிக்கை' என்று தள்ள எனக்கு மனசு வராது. வருஷத்துக்கு ஒரு நாளாவது பிள்ளைகள் செடியைத் தொட்டு, முகர்ந்து, பேர் தெரிந்துகொள்கிறார்களே! ஆனால், வழக்கம் செடியைத்தான் காட்டும், அளவைச் சொல்லாது.

நம் வீடுகளில் வசம்பை வளையலாகக் குழந்தை கையில் கட்டுகிறோம். குழந்தை சும்மா இருக்குமா? வாயில் வைத்துச் சப்பும். போதாததற்கு, வயிற்றுவலி என்றால் பாட்டி அதை உரசி நாக்கில் தடவுவார். வசம்பில் 'பீட்டா அசரோன்' என்ற நச்சுப்பொருள் உண்டு. 1968-லேயே அமெரிக்கா இதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

"என்ன டாக்டர், சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?" என்பீர்கள். நான் படித்த சித்த மருத்துவமே வசம்பைச் சுட்டுக் கரியாக்கி, சுத்தி செய்த பிறகுதானே உள்ளுக்குத் தரச் சொல்கிறது!

சீனாவின் து யூயூ அம்மையாரைப் பாருங்கள். மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்து, 2015-ல் நோபல் பரிசு பெற்றார். பழைய மருத்துவ நூலில் குறிப்பைப் பிடித்தார், ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். மரபுக்கு அதுதான் மரியாதை.

ஆகவே தாய்மார்களே, காப்பு கட்டுங்கள். செடியின் பேரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வசம்பை மட்டும் குழந்தை வாய்க்கு எட்டாமல் வையுங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால்தான். வேறு மருந்து எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுத்தான். ஆவாரம்பூ கஷாயத்தை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிற பெரியவர்களுக்கும் இதுவேதான்!