வால் தெரிகிறதா?



"சார், வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. அந்த மரத்துல ஒரு வால் தொங்குது."

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா. மே மாதக் கடைசி வாரம். காலை மணி ஏழு இருக்கும். திறந்த ஜீப்பில் ஒன்பது பேர், ஆளுக்கொரு போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு மணிக்குப் பூங்காவின் கதவு திறந்ததிலிருந்து இம்பாலா மான்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. எங்கள் கைடு அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் கண்ணுக்கே தப்பிய வாலை, பின் இருக்கையில் இருந்த பாபநாசத்துக்காரர் பார்த்துவிட்டார்.

வண்டி மெல்லப் பின்னால் வந்தது. எங்கே, எங்கே என்று எல்லோரும் தேடினோம். "பெரிய கிளை ரெண்டாப் பிரியுது பாருங்க. இடப்பக்கம் போறதுல அப்படியே கீழே வாங்க. கொடி மாதிரி ஒண்ணு வளைஞ்சு நிக்குதுல்ல, அது கொடி இல்ல." அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவருக்கும் தெரியத் தொடங்கியது. முதலில் வால். அப்புறம் தொங்கும் பின்னங்கால். அப்புறம் இலை நிழலோடு நிழலாகக் கிடந்த புள்ளி உடம்பு. சிறுத்தை! கடைசியாகப் பார்த்தவன் நான். எனக்கு முழுதாக ஐந்து நிமிடம் ஆனது.

அவர் 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்: "ராத்திரி வண்டி ஓட்டுறவனுக்கு ரோட்டைவிட ரோட்டோரம்தான் சார் முக்கியம். மாடு வரும், குடிச்சவன் வருவான், குழந்தை ஓடி வரும்." மறுநாளிலிருந்து கைடு அவரைத் தன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஜீப்பின் மூக்கு பன்னிரண்டு மணி, வலது கை மூன்று மணி, இடது கை ஒன்பது மணி என்று கடிகாரக் கணக்கில் திசை சொல்வது சஃபாரி வழக்கம். விரலை மடக்கி நீட்டியே அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு நீங்கள் எழுதும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "எனக்கு 67 வயது. கணவர் இல்லை. ஆங்கிலம் அரைகுறை. ஆப்பிரிக்காவைப் பார்க்க ஆசை. குரூப் டூரில் போனால் எதையாவது உருப்படியாகப் பார்க்க முடியுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதற்கு நேர்மாறாக, கூட்டத்தோடு போவது பயணமே அல்ல, கொடி பிடித்தவர் பின்னால் ஓடுவதுதான் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 27 பேர் கொண்ட குழுவில் ஒருவனாக ஜோகன்னஸ்பர்க், க்ரூகர், கேப் டவுன், விக்டோரியா அருவி என்று பன்னிரண்டு நாள் போய்வந்த பிறகு அப்படி நினைக்கவில்லை. தனியாகப் போயிருந்தால் எனக்கு இரண்டு கண்கள்தான். அந்தச் சிறுத்தையின் மரத்தடியிலேயே கடந்து போயிருப்பேன்.

இப்படிப் பிறர் கண்ணால் பார்ப்பது ஜோகன்னஸ்பர்க்கிலேயே தொடங்கிவிட்டது. சொவேட்டோ பகுதிக்குப் போனோம். மண்டேலா, டெஸ்மண்ட் டுட்டு என்று நோபல் பரிசு பெற்ற இருவர் வீடுகளும் இருக்கும் விலகாசி தெரு அங்கேதான். பள்ளிகளில் ஆஃப்ரிகான்ஸ் மொழியைத் திணித்ததை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று ஊர்வலம் போன மாணவர்களைப் போலீஸ் சுட்டதும் அங்கேதான். ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனின் பெயரில் இருக்கும் நினைவிடத்தில், எங்கள் குழுவிலேயே மூத்தவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த 1965இல் அவர் மதுரையில் கல்லூரி மாணவர். நாங்களும் எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை ஷாப்பிங் மாலுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை டூர் மேனேஜரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, இந்த ஊர்லதான் தில்லையாடி வள்ளியம்மை சமாதி இருக்கு. கொஞ்சம் கூட்டிட்டுப் போவீங்களா?" அந்தத் தம்பிக்கு அது தெரிந்திருக்கவில்லை. பஸ்ஸில் எல்லோரையும் கேட்டார். ஒரு கைகூட எதிராக உயரவில்லை.

பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டம். மரங்கள் அடர்ந்த அமைதியான இடம். ஜோகன்னஸ்பர்க்கிலேயே பிறந்த பெண் வள்ளியம்மை. இந்தியர்களின் திருமணம் செல்லாது, ஒப்பந்தக் காலம் முடிந்தவர்கள் 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும் என்ற நிலையை எதிர்த்து 1913இல் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் தாயோடு சேர்ந்து நடந்தவர். சிறையில் காய்ச்சலில் விழுந்தும், முன்கூட்டியே விடுதலை தருகிறோம் என்றபோது மறுத்தவர். வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, தன் 16ஆவது பிறந்தநாளில் இறந்துபோனார். அதே தோட்டத்தில்தான் நாகப்பனும் இருக்கிறார். சத்தியாகிரகக் கைதியாகக் கடுங்குளிரில் சாலை வேலை செய்து, நிமோனியா கண்டு 1909இல் இறந்த இளைஞர். இருவருக்குமான நினைவுக்கற்களை, தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படும் முன் 1914 ஜூலையில் காந்தியே வந்து திறந்துவைத்தார்.

ஆசிரியை இதையெல்லாம் வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சென்னை அம்மா ஒருவர், எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் கோ-ஆப்டெக்ஸின் தில்லையாடி வள்ளியம்மை மாளிகையில் வருடா வருடம் தீபாவளிப் புடவை எடுப்பவர். "இத்தனை வருஷமா வள்ளியம்மையில எடுத்தேன், வள்ளியம்மையில எடுத்தேன்னு புடவையைத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். தலைப்பால் அந்தக் கல்லைத் துடைத்தார்.

க்ரூகரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1926இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். நம் முதுமலைப் புலிகள் காப்பகம் 688 சதுர கிலோமீட்டர். அதைப்போல் 28 மடங்கு. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை இவைதாம் 'பிக் ஃபைவ்'. நடந்து போய் வேட்டையாடுவதற்கு மிக ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் வைத்த பெயர். இன்று ஐந்தும் தென்னாப்பிரிக்க ராண்ட் நோட்டுகளில் இருக்கின்றன. ஒருபக்கம் மண்டேலா, மறுபக்கம் விலங்கு. சில நிறுவனங்கள் ஐந்தையும் காட்டிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்கின்றன. அதை நம்பி வந்த இரண்டு பேர் முதல் நாள் மாலை முகம் வாடி இருந்தார்கள். காட்டில் அப்படி யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. வறண்ட குளிர்காலமான மே முதல் செப்டம்பர் வரை புல் குட்டையாக இருக்கும், விலங்குகள் நீர்நிலைகளைத் தேடி வரும், பார்க்கும் வாய்ப்பு கூடும். அவ்வளவுதான்.

ஆனால் ஐந்தை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு மீதிக் காடு தெரிவதில்லை. ஒருமுறை சாலை நடுவே யானை லத்தி கிடந்தது. கைடு அதைச் சுற்றிக்கொண்டு வண்டியை ஓட்டினார். ஏன் என்று கேட்டதற்கு நிறுத்திக் காட்டினார்: உருண்டை உருட்டிக்கொண்டிருந்த சாண வண்டுகள். பத்து நிமிடம் அந்த வண்டையே பார்த்தோம். இன்னொரு நாள் கொம்பு அறுக்கப்பட்ட காண்டாமிருகம் ஒன்றைப் பார்த்தோம். கொம்புக்காகக் கொன்றுவிடுகிறார்கள் என்று, மயக்க ஊசி போட்டு அதிகாரிகளே கொம்பை அறுத்துவிடுகிறார்கள். நகம்போல அது மறுபடி வளரும். மற்ற விலங்குகளைக் கண்டால் வயர்லெஸ்ஸில் மற்ற ஜீப்புகளுக்குச் சொல்லும் கைடு, இதைச் சொல்லவில்லை. போட்டோவில் இடக்குறிப்பு பதிவாகாதபடி போனில் லொகேஷனை அணைக்கச் சொன்னார். அந்த ஜீப்பில் அதன்பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை.

கேப் டவுனில் முதல் நாள் டேபிள் மலையில் காற்று. காற்று பலமாக இருந்தால் கேபிள் கார் ஓடாது. மறுநாள் கிடைத்தது. 1929இல் தொடங்கிய சேவை. இப்போதுள்ள பெட்டிகளின் தளம் மேலே போகப் போக ஒரு முழுச் சுற்றுச் சுற்றும், அதனால் ஜன்னலோரத்துக்கு யாரும் முண்ட வேண்டியதில்லை. ஆயிரம் மீட்டருக்கும் மேலே, பாறைகளுக்கிடையே பெருச்சாளி சாயலில், முயல் அளவில் டாசி என்ற பிராணி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் யானைக்கு நெருங்கிய உறவினர்களில் இதுவும் ஒன்று. பவுல்டர்ஸ் கடற்கரைப் பென்குவின்களைக் குழந்தைகளைப்போல எல்லோரும் ரசித்தோம். அந்த ஆப்பிரிக்கப் பென்குவின் இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. சீக்கிரம் போய்ப் பாருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை; அவை இருக்க வேண்டும் என்றே வேண்டிக்கொள்கிறேன்.

ராபன் தீவுக்குப் படகில் போனோம். மண்டேலா தன் 27 ஆண்டு சிறைவாசத்தில் 18 ஆண்டுகளைக் கழித்த இடம். சிறைக்குள் அழைத்துப் போகிறவர் அங்கேயே கைதியாக இருந்தவர். படுத்தால் தலையும் காலும் சுவரைத் தொட்டுவிடும் அறை. சுண்ணாம்புக் குவாரியின் வெள்ளை வெளிச்சத்தில் வேலை செய்து மண்டேலாவின் கண் கெட்டது. அந்தக் குவாரியின் குகையில்தான் படித்த கைதிகள் படிக்காதவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். எங்கள் ஆசிரியை அவரிடம் ஒரு பெயரைக் கேட்டார்: இந்திரேஸ் நாயுடு. அவர் முகம் மலர்ந்தது. காந்தியோடு நின்று ஜோகன்னஸ்பர்க் தமிழர்களைத் திரட்டிய தம்பி நாயுடுவின் பேரன் இந்திரேஸ். 1963இல் பிடிபட்டு பத்தாண்டு தண்டனையை அந்தத் தீவில் கழித்தவர். பிராம்ஃபான்டைனில் நாங்கள் பார்த்த கல்லும், இங்கே பார்த்த சிறையும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கைடும் அதை இணைத்துச் சொல்லியிருக்கமாட்டார். இணைத்தது எங்களோடு பஸ்ஸில் வந்தவர்.

கடைசியாக விக்டோரியா அருவி. ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே ஜாம்பெசி ஆறு 1,708 மீட்டர் அகலத்துக்கு ஒரே விளிம்பில் விழுகிறது. ஆழம் 108 மீட்டர். 1855இல் பிரிட்டிஷ் பயணி லிவிங்ஸ்டன் வந்து தன் நாட்டு ராணியின் பெயரை வைத்தார். அங்குள்ளவர்கள் அதற்கு முன்பே வைத்திருந்த பெயர் மோசி-ஓவா-துன்யா, இடிமுழங்கும் புகை. அந்தப் பெயர்தான் பொருத்தம். அருவியைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அதன் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்கிறது. பக்கத்தில் போனால் அருவி தெரியவில்லை. கீழிருந்து மேலே பெய்யும் மழைதான் தெரிகிறது. ரெயின்கோட் போட்டும் நனைந்தோம். அந்தத் தூறலிலேயே எதிர்க்கரையில் ஒரு மழைக்காடு வளர்ந்து நிற்கிறது.

நாங்கள் போனது பௌர்ணமி. நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் பௌர்ணமி இரவில் பூங்காவைத் திறந்துவைப்பார்கள், நிலா வானவில் பார்க்க. வெறும் கண்ணுக்கு அது வெண்சாம்பல் வளைவாகத்தான் தெரிகிறது. கேமராவில்தான் நிறங்கள் விழுகின்றன. "எனக்குச் சிவப்பு தெரியுது" என்றார் சென்னை அம்மா. "எனக்கும்" என்றார் மதுரைப் பெரியவர். நான் உற்றுப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு மெல்லிய சிவப்பு எனக்கும் தெரிந்தது.

67 வயது வாசகிக்கு என் பதில்: தாராளமாகப் போங்கள், அம்மா. ஆனால் நிரலில் அதிக ஊர்கள் இருக்கும் டூரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓர் ஊரில் இரண்டு இரவாவது தங்கும் டூராகப் பாருங்கள். காற்றுக்கும் கடலுக்கும் ஒரு நாள் விட்டுவைக்காவிட்டால் மலையும் தீவும் கைநழுவிப் போகும். அக்டோபர், நவம்பரில் போனால் அருவியில் தண்ணீர் மிகக் குறைவு. ஜனவரியில் காட்டில் புல் உயரம். அருவி, காடு, கேப் டவுன் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் சிறந்த மாதம் கிடையாது. மே கடைசியும் ஜூன் தொடக்கமும் ஓரளவு ஒத்துவரும். கேப் டவுனில் அப்போது மழை தொடங்கியிருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்பாப்வே போய்த் திரும்பவும் தென்னாப்பிரிக்கா வழியாக ஊர் வருவதானால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். க்ரூகரிலும் அருவிப் பகுதியிலும் மலேரியா உண்டு. கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வது முக்கியம்.

எங்கள் வாட்ஸ்அப் குழு இன்னும் கலையவில்லை. போன வாரம் பாபநாசத்துக்காரர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அவர் வீட்டுக் கொல்லையிலிருக்கும் பூவரச மரம். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 26 பேரும் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினோம். இருபது நிமிடம் கழித்து ஆசிரியை எழுதினார்: "இடப்பக்கக் கிளை, பத்து மணி. ஆந்தை."

அன்புடன்,
ஆசிரியர்